வளர இடம்

ஜூன் முதல் நாள், குழந்தைக்கு எவ்வளவு தெரியும் என்று பள்ளி அளந்துகொள்ளும். மார்ச்சில் அதைவிட எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண். முதலிலேயே எல்லாம் தெரிந்த குழந்தை எங்கே வளரும்? அதனால் மே மாதம் முழுக்கத் தெருவுக்குத் தெரு மறதி டியூஷன்.

கடைசி நாள் மகளைக் கூட்டிவரப் போனாள் செண்பகவல்லி.

"சுத்தமா வழிச்செடுத்தாச்சுங்க," என்றார் டியூஷன் மாஸ்டர். "எதுக்கும் வீட்ல ஒரு தடவ கேட்டுப் பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏழெட்டு எவ்ளோடி?"

நறுமுகை விரல்களை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். செண்பகவல்லிக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்து, பீரோ கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள். போன பிறந்தநாளுக்கு மகளே எழுதிக் கொடுத்தது: "அம்மா, எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்."

"இதப் படி."

நறுமுகை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "கோழி கிளறுன மாதிரி இருக்கு. யாரும்மா எழுதுனது?"

"யாரோ ஒரு பாப்பா," என்றாள் செண்பகவல்லி. காகிதத்தைப் பிய்த்தெடுத்து, மடித்து, பீரோவுக்குள் வைத்தாள். பிறகு பள்ளிப் படிவத்தை விரித்து, 'வளர இடம்' என்ற கட்டத்தில் 'நிறைய' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.