வாயின் மேல் ஒரு கை

எதிரியின் எல்லைக்குள் நாற்பது மைல் தள்ளி, மணல் நிற வலையால் மூடிய குழியில் இருவரும் பகலெல்லாம் பதுங்கிக் கிடந்தார்கள். இளையவன் தவசிமுத்து உறக்கத்தில் பேசுகிறவன். ஆகவே அவன் உறங்கும்போதெல்லாம், எசக்கியப்பன் அவன் வாயைத் தன் உள்ளங்கையால் மூடியபடியே காவலிருந்தார்.

நண்பகலில், தொலைந்த ஒட்டகத்தைத் தேடி வந்த எதிரிச் சிப்பாய் ஒருவன் பத்தடி தொலைவில் நின்று பீடி பற்றவைத்தான். அந்நேரம் பார்த்துத் தவசிமுத்துவின் உதடுகள் அசைந்தன. எழுப்பினால் திடுக்கிட்டுக் கத்திவிடுவான். சிறு சத்தம் கேட்டாலும் இருவரும் பிணம். எசக்கியப்பன் கையை இன்னும் அழுத்தினார். நான்கு நாளாகக் கேட்ட பேச்சுதான், இப்போது சத்தமின்றி உள்ளங்கைக்குள் அசைந்தது: "எறங்குளா, விழுந்திருவ." மரமேறிய மகளை அதட்டுகிறான். இன்று குழந்தை இறங்கிவிட்டது போலும். அந்த உதடுகள் குவிந்து, துப்பாக்கி பிடித்துக் காய்த்த உள்ளங்கையில் இருமுறை முத்தமிட்டன.

சிப்பாய் போய் வெகுநேரம் கழித்துத் தவசிமுத்து விழித்தான்.

"உளறுனேனாண்ணே?"

"இல்லடே."

"எம் மொற வந்துட்டா?"

எசக்கியப்பனின் கண்கள் தூக்கத்துக்கு எரிந்தன. தவசிமுத்துவின் காவல் முறை வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"இன்னும் நேரங் கெடக்கு, ஒறங்கு" என்று சொல்லி, கையை மறுபடியும் அவன் வாயின்மேல் வைத்தார்.