ஒரு கொதி

ஐந்து மணிக்கு மகளின் பெரியம்மா வருகிறாள், இறந்துபோன மனைவியின் அக்கா. "தம்பி, பிள்ளை உங்ககிட்ட ஒழுங்கா சாப்பிடுதான்னு பாத்துட்டு, எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறதப் பத்திப் பேசலாம்" என்று நேற்றே போனில் சொல்லிவிட்டாள். இப்போது மணி நாலே முக்கால். அவன் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே மூன்று கண்ணாடி டம்ளர்கள். அடியில் பிஸ்கட் தூள், நடுவில் கிரீம், மேலே அன்னாசி ஜெல்லி. விளக்கொளியில் அந்த மஞ்சள் அழகாகத்தான் இருக்கிறது. ஒன்றை எடுத்து மெல்லச் சாய்க்கிறான். மஞ்சளும் கூடவே சாய்கிறது, வெறும் தண்ணீராக. காலையிலிருந்து இது ஏழாவது தடவை. டின் பழம் போட்டால் சோம்பேறி என்பாளோ என்று பயந்து முழுப் பழமாக வாங்கி, விரலில் முள் குத்தக் குத்த அரிந்து, பச்சையாகவே ஜெல்லியில் போட்டிருக்கிறான். மனைவி அன்னாசியை ஒரு கொதி விட்டுத்தான் ஜெல்லியில் சேர்ப்பாள். எதற்கென்று அவன் கேட்டதே இல்லை. ஆறு வயது மகள் முக்காலியில் ஏறி எட்டிப் பார்க்கிறாள். "இன்னும் உறையலையாப்பா?" "உறைஞ்சிரும்டா." "மத்தியானமும் இதையேதான் சொன்ன." வெளியே லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம். பிறகு அழைப்பு மணி. அவன் கை ஃபிரிட்ஜ் கதவை விடவில்லை. மகள் இறங்கி, மேசையில் தான் அடுக்கி வைத்திருந்த மூன்று ஸ்பூன்களையும் அள்ளி டிராயரில் போடுகிறாள். துழாவி மூன்று ஸ்ட்ரா எடுக்கிறாள். "ஜூஸ்னு சொல்லிடலாம்ப்பா," என்று கிசுகிசுக்கிறாள். "நீ போய்க் கதவத் தொற."