நீ சாப்ட்டியா, புஷ்பம்?

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களின் வீடுகளில் இருப்பதுபோல் தேவசகாயத்தின் வீட்டுச் சுவரிலும், அவர் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு காதுப்பெட்டி இருந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் மூளைக்குக் கிருமி ஏறினால் முதலில் பேச்சு மாறும். அந்த மாற்றத்தைக் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை.

அன்று மதியம் அவர் தட்டில் கைவைக்காமல் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சாப்ட்டியா, புஷ்பம்? வா, சேந்து உக்காரு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத பேச்சு. கண் கலங்கிப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெட்டி சிவந்து கத்தியது.

"பேச்சு இயல்பாக இல்லை. மூளையில் தொற்று இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வரவும்."

ஒரு வாய் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் என்ன என்று தோன்றியது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"பூஞ்சைத் தொற்றும்மா. நல்லவேளை, சீக்கிரமே கூட்டிட்டு வந்தீங்க" என்றார் டாக்டர்.

குணமாகி வீடு திரும்பியவர் முதல் கவளத்திலேயே தட்டைத் தள்ளினார்.

"ஏட்டி, இதென்ன கொழம்பா? வாயில வைக்க முடியுதா?"

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "பேச்சு இயல்புக்குத் திரும்பிவிட்டது."

புஷ்பம் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை அங்கே சுவரைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"இல்லங்க. இன்னும் சாப்பிடல."