சிரிக்கிற மூடி

செத்துப்போன அப்பாவை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் மூடி அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. மூடியே ஒரு டி.வி. திரை. அடியில் இருந்த முகம் தெரியாது. யார் வந்து குனிந்தாலும் திரையில் அப்பா கன்னம் சிவக்க, வரிசைப் பல் தெரியச் சிரிப்பார். மகள் வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவுக்கு இருந்ததே வெற்றிலைக் கறை ஏறிய நாலைந்து பல்தான்.

காலையில் அந்தச் சிரிப்பு திக்கித் திணறியது. பெட்டி கொண்டுவந்த ஆள் மூடியைத் தட்டிப் பார்த்தான்.

"குளிர்ல திரைக்குள்ள இருக்க லிக்விட் கிரிஸ்டல் இறுகிப் போயிருது அண்ணாச்சி. அதான் படம் இழுக்குது."

"அப்ப குளிரக் கொறச்சு விடுங்க. துபாய்லருந்து சொந்தக்காரங்க வாராங்க, நல்லாத் தெரியணும்லா," என்றான் வடிவின் தம்பி இசக்கிராஜா.

மதியத்துக்குள் வாடை கிளம்பிவிட்டது. வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே, "உசுரோட சிரிக்குத மாதிரியே இருக்காரு," என்று மூடியை மெச்சினார்கள். இசக்கிராஜா பெட்டியைச் சுற்றிச் சுற்றி சென்ட் அடித்தான். என்ன கருமம் இது என்று வடிவு எழுந்து போய் மூடியைத் தூக்கினாள்.

கூடத்தில் பாதிப்பேர் வாசலுக்கு ஓடினார்கள். உள்ளே அப்பா வயிறு உப்பி, உதட்டோரம் நீர் வழியக் கிடந்தார். வடிவு முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

அப்போதுதான் வந்து சேர்ந்த அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள், பின்னாலிருந்து அழுதாள்.

"அத மூடுட்டீ வடிவு. எங்கண்ணன் மொகத்த நான் இன்னும் பாக்கலயே."