மருங்காபுரியில் இறக்கிவிடச் சொன்னவர்

1958-ல் நான், ஸ்ரீரங்கம் சாரங்கபாணி, விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் ஸ்டீவர்ட். சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குப் போகும் விமானம். மத்தியானம் திருச்சியைத் தாண்டியதும் ஏழாம் இருக்கையின் அழைப்பு விளக்கு எரிந்தது. சென்னையில் ஏறிய மஜீதா என்ற அம்மாள், பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

“மருங்காபுரி வருது தம்பி, இறக்கி விட்ருங்க. அம்மாவுக்கு உசிரு இழுத்துக்கிட்டு இருக்கு.”

மதுரை பஸ் அந்த ஊரில் நிற்கும். விமானமும் நிற்கும் என்று நம்பி ஏறியிருக்கிறார். பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

“பெல் அடிச்சாச்சுல்ல, படிக்கட்டுல வந்து நில்லுங்க!”

விமானமே சிரித்தது. அவர் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மதுரையில் இறங்கியவர்கள் பதினாறு பேர். பட்டியலில் பதினேழு. ஏழாம் இருக்கையில் பெல்ட் பூட்டியபடியே கிடந்தது. திருச்சிக்குப் பிறகு கதவை முதலில் திறந்தது மதுரையில், அதுவும் நான்தான்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு மருங்காபுரிக்குப் போனேன். வாசலில் அவருடைய தம்பி ஜமால் நின்றார். விமானத்தில் வேலை செய்பவன் என்றேன்.

“அக்கா நேத்து மத்தியானமே வந்துட்டாங்க. அம்மா அவங்க மடியிலதான் மவுத்தானாங்க. கேலி பண்ணது நீங்கதானா?”

தலையாட்டினேன். உள்ளே போய்த் திரும்பி வந்தார்.

“உங்க முகத்தைப் பாக்க வேணாங்குறாங்க. வெயில்ல வந்திருப்பாரு, தண்ணி குடுத்து அனுப்புன்னாங்க.”

நின்றபடியே குடித்தேன்.