கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மூன்றாவது முறையாக நான் சமையலறை ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன்.

தோட்டத்தில் மரத்தோடு சேர்த்து வலைக்குள் நின்றிருந்த என் மனைவி வெர்னா, கையில் தூரிகையோடு திரும்பிப் பார்த்தாள். வலையின் மேல் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. விரலை நீட்டிக் காட்டினேன்.

அவள் உள்ளிருந்து வலையைச் சுண்டிவிட்டாள். அது பறந்து போனது.

"அது வலைக்கு வெளிய, நான் வலைக்கு உள்ள, நீ வீட்டுக்குள்ள. மூணு பேரும் அவங்கவங்க எடத்துலதான இருக்கோம், மெர்வின்?" என்று கண்ணாடியைத் தாண்டிக் கேட்கும்படி கத்தினாள். "இன்னொரு தடவ தட்டுன, திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் அவள்.

போன மே மாதம் வரை எனக்குத் தேனீ என்றால் ஈ மாதிரிதான். அப்புறம் இதே மரத்தடியில் ஒன்று என் கழுத்தில் கொட்டியது. உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் தவித்தேன். ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் வரை வெர்னா டிரக்கை விரட்டியதில்தான் பிழைத்தேன். அடுத்த கொட்டு இதைவிட மோசமாக இருக்கும், கொட்டிய உடனே ஊசி போட்டாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வெர்னா மரத்தை வெட்டிவிடலாம் என்றாள். நான்தான் கேட்கவில்லை. பிளம்முக்கும் செர்ரிக்கும் பிறந்த கலப்பு மரம் அது. எங்கள் சஸ்காட்செவன் மாகாணத்தின் மைனஸ் நாற்பது குளிரிலும் சாகாததை ஒரு பூச்சிக்குப் பயந்து சாகடிப்பதா என்று வீம்பு பேசினேன். பேசும்போது பனிக்காலம். தேனீ எதுவும் கண்ணில் படாத காலம்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. மொட்டு விடும்போதே மரத்துக்கு வலை போட்டுவிட்டோம். தேனீ செய்ய வேண்டிய வேலையை வெர்னா தூரிகையால் செய்கிறாள், பூப் பூவாகத் தொட்டு.

அதற்கும் மகரந்தம் வேண்டும். எங்கள் மரம் தன் மகரந்தத்தில் காய்க்காது, இன்னொரு ரகத்தின் மகரந்தம் பட வேண்டும். அந்த இன்னொன்று தெருக்கோடி ஸ்டெஃப்கா வீட்டில் நிற்கிறது. அதற்கு வலையெல்லாம் கிடையாது. இன்று விடிவதற்கு முன்பே வெர்னா போய்ப் பூத்த கிளைகளை வெட்டி வந்தாள்.

"வெயில் ஏறினா மொய்ச்சிடும். இந்தக் குளிர்ல ஒண்ணும் பறக்காது, பயப்படாத" என்றாள்.

கிளைகளை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் வைத்தாள். வெதுவெதுப்பில்தான் பூ நன்றாக விரிந்து தூள் உதிர்க்கும். நாலைந்து பூக்களைக் கிண்ணத்தில் தட்டி எடுத்துக்கொண்டாள். மீதி என் முதுகுக்குப் பின்னால் இன்னும் விரிந்துகொண்டிருந்தன.

என் வெர்னா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். ஜன்னல் ஓரமெல்லாம் டேப் ஒட்டினாள். கதவிடுக்கில் ஈரத்துண்டு திணிக்கச் சொல்லிவிட்டுப் போனாள். ஊசியைத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். ஆபத்து தோட்டத்தில்தானே. நான் புத்தி கெட்டு வெளியே ஓடிவந்தால் அங்கே கைக்கெட்ட வேண்டுமே.

வெயில் ஏறியது. வலையைச் சுற்றித் தேனீக்கள் வர ஆரம்பித்தன. கழுத்தை ஒரு கையால் மூடிக்கொண்டே நின்றேன்.

பின்னால் எங்கள் பழைய ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. எனக்கு இப்போது அந்தச் சத்தம்கூடத் தேனீ மாதிரிதான் கேட்கிறது. காலையிலிருந்து இரண்டு தடவை போய் அதன்மேல் கைவைத்துப் பார்த்து, அதுதான் என்று உறுதி செய்துகொண்டு, என்னையே திட்டிக்கொண்டு திரும்பிவந்தேன். இந்தக் கூத்தை வெர்னாவிடம் சொன்னால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

வலைக்குள் அவள் எட்டி ஒரு மேல்கிளையை வளைத்தாள். வெயிலில் அவள் முகம் சிவந்திருந்தது. காய் பிடித்துவிடும் என்று முதல் தடவையாக நம்பினேன்.

ஃப்ரிட்ஜ் எப்போதும்போல் ஓர் உதறு உதறி நின்றது.

முனகல் நிற்கவில்லை.

நான் மெல்லத் திரும்பினேன். வாளியில் ஒரு பூங்கொத்து மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் காற்று வர வழியே இல்லை.

குளிரில் பறக்காது என்றால் ராத்திரி தேனீ எங்கே படுத்திருக்கும் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

கதவுக்குப் போக வாளியைத் தாண்டித்தான் போக வேண்டும். கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. விரல் மட்டும்தான் அசைந்தது.

கண்ணாடியைத் தட்டினேன்.

வெர்னா திரும்பவில்லை. அவள் தோள்கள் மட்டும் சிரிப்பில் குலுங்கின.