மே மாதத்து ஸ்வெட்டர்கள்

வெளியே தார் உருகும் மே மாத வெயில். கம்பெனியின் மீட்டிங் அறையில் பன்னிரண்டு பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று திரையில் அறுபத்திரண்டு படங்கள். நாற்பதாவது படத்தில் அஞ்சுகத்துக்கு உடம்பு நடுங்கியது. குளிராலா கோபத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. வம்சத்திலேயே முதல் டிகிரி அவளுடையது. அதை வாங்கியது வாயை மூடிக்கொண்டு உட்காரவா? எழுந்துவிட்டாள்.

“சார், மொதல்ல அந்த ஏசிய அணைங்க.”

கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்த மேனேஜர் ஞானமுத்து நிமிர்ந்தார். “இன்னியோட உன் ஆறு மாசம் முடியுது. உன்ன நிரந்தரமாக்கலாமான்னு நான்தான் எழுதணும். ஞாபகம் இருக்காம்மா?”

“இருக்கு சார். எழுதறதுக்கு வெரல் மடங்கணும்ல?”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

“எனக்கு மட்டும் ஆசையா?” என்றார் ஞானமுத்து. “உங்களுக்கெல்லாம் புழுங்குமேன்னுதான் பதினெட்டுல வச்சிருக்கேன்.”

“ஐயோ சார், உங்களுக்குப் பிடிக்கும்னுல்ல நாங்க ஏழு வருஷமா நடுங்கறோம்!” என்றார் ஸ்டோர்ஸ் ரஹ்மத் அக்கா.

அறையே வெடித்துச் சிரித்தது. ஞானமுத்து ஏசியை அணைத்தார். அஞ்சுகம் திரைச்சீலையை விலக்கி, துருப்பிடித்த ஜன்னல் கொக்கியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். அசையவில்லை. அவர் மஃப்ளரைக் கழற்றிக் கொக்கியில் சுற்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்தார். வேப்பம்பூ வாசமும் பஸ் ஹாரனும் ஒன்றாக உள்ளே வந்தன.

“ஆபீஸ்ல இன்னும் பதினாலு ஜன்னல் இருக்கு,” என்றார் மூச்சு வாங்க. “திங்கக்கெழம கொஞ்சம் சீக்கிரமா வந்துரு.”